கஷ்டத்தில் அழுது ஜெபித்தேன், இப்போது முழங்கால் மடங்கவில்லை

திருப்பூரிலிருந்து ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

வயது 44. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கிராமம், சி.எஸ்.ஐ. கிறிஸ்தவக் குடும்பம். 19 வயதில் ஒரு பையோடு திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்து, பிறகு பவர் டேபிள் டெய்லர் ஆனார். 2014-ல் ஆறு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் ஆரம்பித்தார், இப்போது 60 மெஷின், 85 பேர் வேலை செய்கிறார்கள். லைன் வீட்டில் இருந்த காலத்தில் அவரும் மனைவியும் விடியற்காலை ஐந்து மணிக்கு முழங்காலில் நிற்பார்கள், கண்ணீர் இல்லாத ஜெபமே கிடையாது. 2020 ஊரடங்கில் கம்பெனி மூன்று மாதம் பூட்டிக் கிடந்தபோது, "இதைக் காப்பாற்றிக் கொடுத்தால் லாபத்தில் பத்தில் ஒன்று உமக்கு" என்று பொருத்தனை பண்ணினார். கம்பெனி பிழைத்தது, இரண்டு வருடம் கொடுத்தார், அப்புறம் வீடு கட்டும் வேலையில் அது நின்றுபோயிற்று. புது வீட்டுப் பிரதிஷ்டை முடிந்து எட்டு மாதம் ஆகிறது. இப்போது ஜெபம் இல்லை, ஞாயிறு ஆராதனைக்கு மாதம் ஒருமுறை போனால் பெரிது, போனாலும் மனம் ஷிப்மெண்ட் தேதியில்தான் இருக்கிறதாம்.

இதற்கிடையில் சரக்கு வாங்கிய ஒரு பையர் ஐந்து மாதமாக 38 லட்ச ரூபாயை நிறுத்தி வைத்திருக்கிறார். 14 வயது மகன் டெங்குவில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போது நன்றாக இருக்கிறான். மனைவி போகும் ஜெபக்கூட்டத்தில் ஒரு ஊழியர், "தசமபாகத்தை நிறுத்திய வீட்டில் பட்சிக்கிறவன் நுழைந்துவிட்டான்", அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கையை நிறுத்தியதால் அழிவு வந்துவிட்டது என்று சொல்லி, பாக்கி 12 லட்சம் என்று கணக்கும் போட்டுக் கொடுத்து, அதைக் கட்டடக் காணிக்கையாகக் கொடுத்தால் கட்டு அவிழும் என்றாராம். மனைவி நகையை அடகு வைக்கத் தயாராக இருக்கிறார். நம் வாசகருக்கு ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அவர் கேட்பது மூன்று கேள்விகள்: இது தண்டனையா? 12 லட்சத்தைக் கொடுத்துவிடட்டுமா? ஏழையாக இருந்தபோது இருந்த பக்தி ஏன் போயிற்று, நான் வேஷக்காரனா?

தம்பி, எனக்கு அறுபது தாண்டிவிட்டது, அதனால் தம்பி என்றே கூப்பிடுகிறேன். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை படித்தபோது கண்ணில் படாத ஒரு வரி இரண்டாவது முறை பட்டது. மூன்றாம் பக்கத்தில், பையர் பணம் வராததால் வந்த நெருக்கடிகளைச் சொல்லிக்கொண்டே வரும்போது, போகிற போக்கில், "பி.எஃப். கூட ஏழு மாதமாகக் கட்ட முடியவில்லை, சம்பளத்தில் பிடித்ததோடு நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே மறுபடி ஜெபத்துக்குப் போய்விட்டீர்கள். அந்த வரிக்குக் கட்டாயம் வருவேன், முதலில் உங்கள் பயத்தைப் பற்றிப் பேசிவிடலாம்.

இது தண்டனையா?

டெங்கு கொசு தசமபாகக் கணக்குப் பார்த்துக் கடிப்பதில்லை. உங்கள் மகன் வார்டில் இருந்த அதே வாரம் பக்கத்துக் கட்டில்களில் எத்தனை பிள்ளைகள் இருந்திருப்பார்கள், அத்தனை அப்பன்மாரும் பொருத்தனை மீறியவர்களா? பிறவிக் குருடனைக் காட்டி, இது இவன் செய்த பாவமா, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமா என்று சீஷர்கள் கேட்டபோது இரண்டும் இல்லை என்றுதான் இயேசு சொன்னார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோதும், அவர்கள் ஊரிலேயே பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டார். யோபுவின் சிநேகிதர்கள் புத்தகம் முழுக்கப் பேசியது இந்தத் தண்டனைக் கணக்கைத்தான், கடைசியில் திட்டு வாங்கியது அவர்கள். ஆகவே, உங்கள் பிள்ளையின் காய்ச்சலை ஒருவர் உங்கள் கணக்குப் புத்தகத்தோடு முடிச்சுப் போட்டால், சொல்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், இந்தப் பேச்சை மகன் காதில் விழவிடாதீர்கள். "அப்பா காணிக்கை கொடுக்காததால்தான் எனக்குக் காய்ச்சல் வந்தது" என்று நினைத்து வளர்ந்து, முப்பது வயதில் என் முன்னால் வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

38 லட்சத்துக்கும் மந்திர விளக்கம் தேவையில்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது. உங்கள் யூனிட் உத்யம் என்கிற மத்திய அரசின் சிறுதொழில் பதிவில் குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி பையர் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுத்தாக வேண்டும், எழுத்தில் வேறு தேதி பேசியிருந்தாலும் 45-ஐத் தாண்ட முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கான அரசுத் தளத்தில் ஆன்லைனிலேயே மனு போடலாம், அது மாநிலத்தில் உள்ள வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். சரக்கு கொடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு இருந்ததா என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக வரும், அதனால் ஆடிட்டரிடம் அந்தத் தேதியைப் பாருங்கள். மனு போட்டால் அந்த பையர் அடுத்த ஆர்டர் தர மாட்டாரே என்ற பயம் உங்களுக்கு இருக்கும், தொழில் செய்கிறவருக்கு அது நியாயமான பயம்தான். முதலில் வட்டிக் கணக்கோடு ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும், பாதிப் பேர் அதிலேயே பேச வந்துவிடுவார்கள். எப்படியும் இது ஜெபக்கூட்டத்தில் தீர்கிற வழக்கு இல்லை.

ஒரு வரியில் கடந்து போனது

இப்போது அந்த வரி. நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பணம் நிற்பது ஐந்து மாதமாக. பி.எஃப். கட்டாதது ஏழு மாதமாக. புது வீட்டுக்குப் போய் எட்டு மாதம். குற்றம் சாட்ட இதைச் சொல்லவில்லை, உங்கள் கடிதத்தில் இருக்கிற எண்களை வரிசையாக வைத்தேன், அவ்வளவுதான். பையர் மேல் பழி போட்டுத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் பையர் நிறுத்துவதற்கு இரண்டு மாதம் முன்பே அது நின்றிருக்கிறது. எங்கே போயிற்று அந்தப் பணம்? டைல்ஸுக்கா, மாடுலர் கிச்சனுக்கா, பிரதிஷ்டை விருந்துக்கா? உங்களுக்குத்தான் தெரியும். மூன்று மணிக்கு வருகிற விழிப்புக்கும் தெரிந்திருக்கலாம்.

அது எவ்வளவு என்றாவது பார்த்தீர்களா? பி.எஃப். உள்ளவர்கள் 70 பேர் என்கிறீர்கள். தலைக்கு 15,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால், தொழிலாளியிடம் பிடித்த 12 சதவீதம் மட்டும் மாதம் 1,26,000 ரூபாய். ஏழு மாதத்துக்கு 8,82,000. இதில் ஒரு பைசாகூட உங்களுடையது இல்லை, அவர்கள் சம்பளத்திலிருந்து எடுத்தது. உங்கள் பங்கு 12 சதவீதத்தையும் சேர்த்தால் 17,64,000, இன்சூரன்ஸ், நிர்வாகச் செலவு தனி. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி, அதற்கு மேல் அபராத இழப்பீடும் உண்டு. இதெல்லாம்கூடப் பணக் கணக்கு. சம்பளத்தில் பிடித்துவிட்டு அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டாமல் விட்டால் அதைச் சட்டம் வெறும் பாக்கியாக மட்டும் பார்ப்பதில்லை, குற்ற நம்பிக்கை மோசடியாகவும் பார்க்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 316-ஆவது பிரிவு, 5 ஆண்டு வரை சிறைக்கு வழி இருக்கிறது. இந்த ஏழு மாதத்தில் உங்கள் டெய்லர் ஒருவர் இறந்திருந்தால், அந்தக் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை வரக்கூடிய பி.எஃப். இன்சூரன்ஸுக்காக அந்த அம்மா எத்தனை ஆபீஸ் படி ஏறியிருக்க வேண்டும் என்று யோசியுங்கள். யாரும் இறக்கவில்லை என்று நம்புகிறேன்.

அந்த ஊழியர் பேச்சுக்கு ஆதாரம் பைபிளில் மல்கியா மூன்றாம் அதிகாரம், பத்தாம் வசனம். தசமபாகங்களைப் பண்டசாலைக்குக் கொண்டுவாருங்கள் என்பது. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அது காதில் விழும். அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். நான் நியாயந்தீர்க்க வருவேன் என்று கடவுள் சொல்லி, யார் யாருக்கு விரோதமாக என்று பட்டியல் போடுகிறார்: பொய்யாணை இடுகிறவன், கூலிக்காரனின் கூலியில் கைவைக்கிறவன், விதவையையும் திக்கற்ற பிள்ளையையும் ஒடுக்குகிறவன், பரதேசியின் நியாயத்தைப் புரட்டுகிறவன். கூலி முதலில் வருகிறது, தசமபாகம் ஐந்து வசனம் கழித்துத்தான். பரதேசி என்றால் யாரோ என்று நினைக்காதீர்கள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து உங்கள் கட்டிங் டேபிளில் நிற்கிற பையன்கள்தான். அவர்களில் எத்தனை பேர் தங்கள் பி.எஃப். பாஸ்புக்கைப் போனில் பார்க்கத் தெரிந்தவர்கள்? தெரியாது என்பதால்தானே ஏழு மாதம் சத்தமில்லாமல் போயிற்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பணத்தை வைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்துக்கொள்கிற அந்த பையரைப் பற்றி ஒரு பக்கம் முழுக்கப் பொங்கியிருக்கிறீர்கள். நியாயமான கோபம். ஆனால் அந்தப் பக்கத்தில் பையர் என்று இருக்கும் இடத்தில் உங்கள் பெயரையும், உங்கள் பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் செக்கிங் அக்காவின் பெயரையும் போட்டு ஒரு தடவை வாசியுங்கள். பதினாயிரம் தாலந்து கடனை மன்னிக்கப்பெற்று வெளியே வந்தவன் நூறு வெள்ளிக்காசுக்காக உடன் வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்த கதையை ஞாயிறு பள்ளியிலேயே நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

அந்த 12 லட்சம்

கொடுக்கவே வேண்டாம் என்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். பொருத்தனை பண்ணாமல் இருந்தால் பாவம் இல்லை, பண்ணினால் செலுத்த வேண்டும் என்றுதான் உபாகமம் 23-ஆம் அதிகாரம் சொல்கிறது, சுற்றி வளைக்க அதில் இடமில்லை. யாரும் கட்டாயப்படுத்தாமல் நீங்களாகக் கொடுத்த வாக்கு, அது உங்கள் மேல் நிற்கிறது. ஆனால் என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்று நீங்களே எழுதியதைப் பாருங்கள், "லாபத்தில் பத்தில் ஒன்று". ஊழியர் போட்ட கணக்கு டர்ன்ஓவரிலா லாபத்திலா? வரி, கடன் வட்டி, பி.எஃப்., போனஸ் எல்லாம் போன பிறகு மிஞ்சுவதுதான் லாபம். கட்ட வேண்டியதைக் கட்டாமல் காட்டிய லாபத்தில் பத்து சதவீதம் எடுத்துக் காணிக்கைப் பெட்டியில் போட்டால், கொடுத்தவர் நீங்கள் இல்லை, உங்கள் டெய்லர்கள். ஆடிட்டரோடு உட்கார்ந்து வருடவாரியாக உண்மையான லாபத்தைப் போட்டுப் பாருங்கள், தொகை குறையலாம், கூடவும் செய்யலாம்.

யாருக்குக் கொடுப்பது என்பது அடுத்தது. கடவுளுக்கு என்றுதான் சொன்னீர்கள், குறிப்பிட்ட ஒரு கட்டடத்துக்கு என்று சொல்லவில்லை. உபாகமம் 14-ஐப் படித்தால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், தசமபாகத்தின் ஒரு பகுதியைக் குடும்பத்தோடு கர்த்தருடைய சந்நிதியில் சாப்பிட்டு மகிழச் சொல்கிறது, மூன்றாம் வருடம் அதை ஊர் வாசலில் வைத்து லேவியனும் பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிட விடச் சொல்கிறது. நம் பக்கத்து ஊர்க் கோயில்களில் அசனம் போடுவார்களே, பணக்காரனும் பனையேறியும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சோறும் குழம்பும் சாப்பிடுவது, ஏறக்குறைய அதுதான். உங்கள் சொந்தச் சபை, ஊரில் யாராவது ஒரு பிள்ளையின் படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு, எதற்கும் கொடுக்கலாம். அந்த ஜெபவீட்டுக் கட்டடத்துக்கும் கொடுக்கலாம், அது உங்கள் இஷ்டம். கொடுக்காவிட்டால் கேடு வரும் என்று யாராவது மிரட்டினால் அன்றைக்குக் கொடுக்காதீர்கள். பயத்தில் கொடுப்பது காணிக்கை இல்லை, காப்புக்கூலி.

மனைவியின் நகையை அடகு வைப்பதோ கடன் வாங்கிக் கொடுப்பதோ வேண்டவே வேண்டாம். அந்த நகை சட்டப்படி அவருடைய சொத்து, அவர் மனதார முன்வந்தாலும், பயத்தில் முன்வருகிறவரிடம் வாங்கக் கூடாது. என்னைக் கேட்டால் வரிசை இப்படி: முதலில் பி.எஃப். பாக்கி, பழைய மாதத்திலிருந்து ஒவ்வொரு மாதமாக. அதோடு கூடவே, இனி வருகிற மாதம் ஒன்றுகூடத் தவறாமல் 15-ஆம் தேதிக்கு முன் கட்டுவது. காரை விற்க முடியுமா, வீட்டின் மேல் வாங்கிய கடனை நீட்டிக்க முடியுமா என்று பாருங்கள், கஷ்டம்தான், ஆனால் நகையைவிட அது நியாயம். விட்டுப்போன மாதங்களின் தொழிலாளர் பங்கை இனிமேல் வரும் சம்பளத்தில் மறுபடி பிடிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், ஏற்கெனவே பிடித்தாயிற்று. இதெல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்த பிறகு பொருத்தனைப் பாக்கியை மாதாமாதம் ஒரு தொகையாக, இரண்டு வருடமோ மூன்று வருடமோ எடுத்துக்கொண்டு செலுத்துங்கள். வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு, இயேசுவைச் சந்தித்தபோது என்ன செய்தான்? பாதிச் சொத்தை ஏழைகளுக்கு என்றான், ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். எருசலேமுக்குப் போய்ப் பெரிய காணிக்கை போட்டுக் கணக்கை நேர் பண்ணுகிறேன் என்று சொல்லவில்லை. யாரிடம் எடுத்தானோ அவர்களிடமே திருப்பினான்.

உசியா ராஜாவைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருப்பீர்கள். 16 வயதில் பட்டத்துக்கு வந்து 52 வருடம் ஆண்டவன், கோபுரம் கட்டினான், கிணறு வெட்டினான், விவசாயத்தில் பிரியமுள்ளவன், நல்ல நிர்வாகி. பலப்படும் வரைக்கும் அவனுக்கு ஆச்சரியமான உதவி கிடைத்தது, பலப்பட்ட பிறகு மனம் மேட்டிமையாயிற்று என்று 2 நாளாகமம் 26 சொல்கிறது. அந்த மேட்டிமை எப்படி வெளிப்பட்டது என்பதைத்தான் நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அவன் ஆலயத்தை விட்டு ஓடவில்லை, குடித்துக் கும்மாளம் போடவில்லை. ஆலயத்துக்குள்ளேயே போய், ஆசாரியன் மட்டும் செய்ய வேண்டிய தூபத்தைத் தானே காட்டப் போனான், 80 ஆசாரியர்கள் வந்து தடுக்க வேண்டியிருந்தது. வசதி வந்தவனின் மறதி சில சமயம் அளவுக்கு மீறிய பக்தி மாதிரியும் இருக்கும். கல்வெட்டில் பெயர், முன்வரிசை நாற்காலி, பெரிய தொகை. கம்பெனியிலோ பி.எஃப். பாக்கி. நீங்கள் அங்கே போய்ச் சேரவில்லை, ஆனால் அந்த 12 லட்சம் உங்களை அந்தப் பாதையில்தான் கூட்டிப் போகும்.

முழங்கால் மடங்காதது பற்றி

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி, வேஷக்காரனா என்பது. இல்லை. ஆனால் ஒரு தப்பான நினைப்பு இருக்கிறது. லைன் வீட்டில் இருந்த நீங்கள் பெரிய பக்திமான், இப்போது இருக்கிறவர் விழுந்துபோனவர் என்று பிரித்து வைத்திருக்கிறீர்கள். அன்றைக்கு வாடகைக்குப் பணம் இல்லை, நூல் விலை ஏறினால் ஜாப் ஒர்க் நிற்கும், பிள்ளைக்குப் பால் வாங்க வேண்டும், அழுகை வந்தது. அழுகையில் பக்தியும் இருந்தது, பயமும் இருந்தது, எது எவ்வளவு என்று உங்களுக்கே தெரியாது. பயம் போனபோது அழுகையும் போயிற்று, அதில் அதிசயம் ஒன்றுமில்லை, மனசு அப்படித்தான் வேலை செய்யும். புது வீட்டுக்குப் போன முதல் மாதம் ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பார்த்திருப்பீர்கள், எட்டு மாதத்தில் அது வெறும் சுவிட்ச் ஆகிவிட்டது, இல்லையா? கிடைத்தது எதுவும் கொஞ்ச நாளில் எப்போதும் இருந்தது போல ஆகிவிடும். அந்தப் பழைய கண்ணீரைத் திரும்ப வரவழைக்க முயற்சி பண்ணாதீர்கள். கண்ணீருக்காகக் கஷ்டம் வேண்டும் என்று கேட்பது போல ஆகிவிடும். உங்கள் கடிதத்திலும் "பழையபடி ஒன்றுமில்லாமல் ஆக்கினாலும் பரவாயில்லை" என்று ஒரு வரி இருக்கிறது, அதைத் தயவுசெய்து வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள், 85 குடும்பம் உங்களை நம்பி இருக்கிறது.

உபாகமம் எட்டாம் அதிகாரத்தை உங்களுக்குத் தெரியும், நன்றிப் பண்டிகைகளில் அதிகம் கேட்கும் பகுதி. மோவாப் சமவெளியில், யோர்தானுக்கு இந்தப் பக்கம், நாற்பது வருடம் மணலில் அலைந்த ஜனங்களிடம் மோசே பேசுகிறார். கோதுமையும் திராட்சையும் மாதுளையும் ஒலிவ எண்ணெயும் உள்ள தேசம் வரப்போகிறது என்கிறார். எச்சரிக்கையைப் பசிக்கு வைக்கவில்லை, வயிறு நிறைந்து, நல்ல வீடு கட்டி, ஆடுமாடும் வெள்ளியும் பொன்னும் பெருகும் நாளுக்கு வைக்கிறார். என் கைப்பலத்தால் வந்தது என்று அன்றைக்குச் சொல்லிக்கொள்வாய், சம்பாதிக்கிற பலத்தைக் கொடுத்தவரை மறந்துவிடாதே என்கிறார். இதுவரை எல்லாரும் சொல்வார்கள். மறக்காமல் இருக்க என்ன வழி என்று அதே புத்தகம் சொல்வதைத்தான் நாம் தாண்டிவிடுகிறோம். ஓய்வுநாளைப் பற்றி ஐந்தாம் அதிகாரம் என்ன சொல்கிறது? நீ ஓய்வதுபோல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் ஓய வேண்டும், எகிப்தில் நீ அடிமையாய் இருந்ததை நினை என்கிறது. 24-ஆம் அதிகாரத்தில் கூலிக்காரனுக்குப் பொழுது போகுமுன் கூலி கொடு என்கிறது, விதவையின் துணியை அடகு வாங்காதே என்று சொல்லிவிட்டு உடனே மறுபடி எகிப்தை ஞாபகப்படுத்துகிறது. கடவுளை நினைப்பது என்றால் அந்தப் புத்தகத்தில் பாதிக்குப் பாதி, நீ முன்பு யாராக இருந்தாய் என்பதை நினைப்பதுதான்.

உங்களுக்கு எகிப்து எது? 19 வயதில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டுக் கால் வீங்கி, சனிக்கிழமை சம்பளத்துக்கு ராத்திரி பத்து மணி வரை ஆபீஸ் வாசலில் நின்றதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். "முதலாளி ஜன்னலைத் திறந்து நாளைக்கு வா என்பார்" என்ற வரியைப் படித்தபோது எனக்கே வயிற்றைப் பிசைந்தது. ஷிப்மெண்ட் நெருக்கத்தில் உங்கள் கம்பெனியிலும் ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் ஓடுகிறது என்கிறீர்கள். உங்கள் முழங்கால் மடங்காத ஞாயிறும் அவர்கள் வீட்டுக்குப் போக முடியாத ஞாயிறும் ஒன்றேதான். முதலில் அதை நிறுத்திப் பாருங்கள். ஒரு மாதம் கணக்கு உதைக்கும், அப்புறம் ஆர்டர் எடுக்கும்போதே ஆறு நாளைக்குத் திட்டமிடப் பழகிவிடுவீர்கள்.

ஜெபத்தைப் பொறுத்தவரை, ஐந்து மணியைத் திரும்பக் கொண்டுவரப் போராட வேண்டாம். சின்னதாக, தினமும் செய்யக்கூடியதாக ஒன்று போதும். இஸ்ரவேலில் ராஜாவாக வருகிறவன் குதிரைகளையும் வெள்ளி பொன்னையும் மிதமிஞ்சிச் சேர்க்கக் கூடாது, நியாயப்பிரமாணத்துக்கு ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க வாசிக்க வேண்டும், அவன் மனம் தன் சகோதரருக்கு மேல் உயர்ந்துவிடாதபடிக்கு, என்று அதே உபாகமத்தின் 17-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நீங்களும் ஒரு நோட்டு எடுத்து, கம்பெனி திறக்குமுன் பத்து நிமிஷம், நான்கைந்து வசனம் கையால் எழுதுங்கள். உணர்ச்சி வரவேண்டும் என்று அவசியமில்லை. வறண்ட ஜெபமும் ஜெபம்தான். சனிக்கிழமைச் சம்பள நோட்டும் அந்த நோட்டும் ஒரே டிராயரில் இருக்கட்டும்.

இரண்டு மாதமாகத் தூக்கம் கெடுவதை மட்டும் வெறும் ஆவிக்குரிய பிரச்சனை என்று விட்டுவிடாதீர்கள். பி.எஃப். கணக்கு ஒழுங்கான பிறகும் மூன்று மணி விழிப்பு தொடர்ந்தால், அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் போனால், ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மனஸ் எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

வீட்டில்

மனைவியோடு சண்டை போட்டு அந்தக் கூட்டத்துக்குப் போகாதே என்று சொல்லாதீர்கள். அவர் லைன் வீட்டில் உங்களோடு முழங்காலில் நின்றவர், இன்றைக்கு மகன் கட்டிலருகே ஒன்பது ராத்திரி உட்கார்ந்துவிட்டுப் பயந்து போயிருக்கிறார், அந்தப் பயத்துக்கு ஒரு பதில் கிடைத்த இடம் அது. பி.எஃப். விஷயம் அவருக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றுதான் எனக்குப் படுகிறது. முதலில் அதைச் சொல்லுங்கள், மல்கியாவை இரண்டு பேரும் சேர்ந்து முதல் வசனத்திலிருந்து வாசியுங்கள், விவாதம் வேண்டாம். ஊரில் உங்கள் அம்மா சோறு பொங்கும்போது கைப்பிடி அரிசி எடுத்துக் காணிக்கைக்கு என்று வைப்பார் என்கிறீர்களே, அந்தப் பழக்கத்தை இந்தப் புது வீட்டிலும் ஆரம்பிக்கலாம் என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். 12 லட்சம் பற்றிப் பேசுவதைவிட அது அவருக்கு எளிதாக இருக்கும்.

மகன் விஷயம் ஒன்று. முதற்பலன் கூடையைக் கொண்டுவந்து வைக்கிறவன் ஆசாரியன் முன்னால் தன் குடும்பக் கதையைச் சொல்ல வேண்டும், என் தகப்பன் அலைந்து திரிந்தவன், எகிப்துக்குப் போய்ப் பரதேசியாக இருந்தான் என்று. கூடை மட்டும் போதாது, கதையும் வேண்டும். உங்கள் பையன் பிறந்து கொஞ்ச நாளில் ஆறு மெஷின் வந்துவிட்டது, அவனுக்கு நினைவு தெரிந்தபோது நீங்கள் ஓனர். அந்த ஜன்னல் கதையை அவனிடம் சொல்லியிருக்கிறீர்களா? ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் கொடுக்கும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அதற்கு முன் பி.எஃப். பாக்கியைத் தொழிலாளர்களிடம் நீங்களே சொல்லியிருக்க வேண்டும், இத்தனை மாதம் நிற்கிறது, இந்தத் தேதிக்குள் கட்டிவிடுவேன் என்று. முகத்துக்கு நேரே சொல்வது கஷ்டம். இரண்டு பேர் வேலையை விட்டுப் போகலாம், ஒருவர் பி.எஃப். ஆபீஸில் புகார் கொடுக்கலாம், அது அவருடைய உரிமை, அவரை விரட்டாதீர்கள். பி.எஃப். கன்சல்டன்டையும் ஒரு தொழிலாளர் வக்கீலையும் முன்கூட்டியே பார்த்துவிட்டுப் பேசுங்கள், எந்தத் தேதி சொல்வது என்பதற்கு அவர்கள் உதவுவார்கள்.

அடுத்த 15-ஆம் தேதிக்குள் முதல் மாதப் பாக்கிக்குச் சலான் போட்டுவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள். மகன் டெங்குவுக்குப் பிறகு பள்ளிக்கூடம் போக மறுக்கிறான் என்று கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு இருந்தது, அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். அவனையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்தால் நல்லது, ஞாயிற்றுக்கிழமை தவிர எந்த நாளும்.